பில்ட் கருவிக்கு ஒரு மேக்ரோ மொழி: எப்போது விரிப்பது, எதுவாக விரிப்பது

மூலக் கோப்புகளிலிருந்து இறுதிக் கோப்புகளை உருவாக்கித் தருவது பில்ட் கருவி; ஒரு பெயர் வந்த இடத்தில் அதன் உரையை வைப்பது, அதாவது விரிப்பது, மேக்ரோ மொழி. எந்த பில்ட் கருவியும் மேக்ரோ மொழியாகப் பிறப்பதில்லை. டெம்ப்ளேட்டில் $(ஊர்) என்று எழுதிய இடத்தில் ராயபுரம் என்று வர வேண்டும், அவ்வளவுதான். தேடி மாற்றும் 30 வரி நிரல் அதற்குப் போதும். பிறகு மாறிக்குள் மாறி வேண்டும் என்பார்கள். பட்டியல், சுற்று, ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) கட்டளையின் விடை என்று கேட்பது நீளும். ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது, யாரும் கேட்காத கேள்விகளுக்கும் விடை முடிவாகிவிடுகிறது. நூறு கோப்புகள் அந்த விடைகளை நம்பி எழுதப்பட்ட பிறகு கை வைக்க முடியாது. பெல் லேப்ஸில் 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய மேக் என்ற பில்ட் கருவியில் கட்டளை வரி டேப்பில் தொடங்க வேண்டும் என்று இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் மொத்த ஜவுளிக் கடைகளுக்கு விலைப்பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகம். தரவு ஒன்று, டெம்ப்ளேட் ஒன்று, பகுதிக்கு ஒரு பிடிஎஃப்: ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர். பகுதிப் பெயர், பின்கோடு, தேதி, தள்ளுபடி எல்லாம் மாறிகள். சிறிய வேலைதான், ஆனால் மேக்ரோ மொழியின் பெரும்பாலான பள்ளங்கள் இந்த எட்டுப் பெயர்களுக்குள்ளேயே இருக்கின்றன.

மாறிப் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறோம். மேக்கின் பரவலான வடிவமான ஜிஎன்யூ மேக் இதை ஏற்கும்: முக்காற்புள்ளி, ஹேஷ் (#), சமக்குறி, வெற்றிடம் இவை இல்லாத எந்த எழுத்துத் தொடரும் அதற்கு மாறிப் பெயர்தான். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். ஒன்று, ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றால் மட்டும் ஆன பெயர்களைத்தான் அது தானாகக் கட்டளைகளின் சூழலுக்கு ஏற்றுமதி செய்யும். தமிழ்ப் பெயரை நீங்கள் பெயர் சொல்லி அனுப்ப வேண்டும். இரண்டு, அடைப்புக்குறி இல்லாமல் $அ என்று எழுதாதீர்கள். அடைப்புக்குறி இல்லாதபோது டாலருக்கு அடுத்த ஒரு பைட்டை மட்டுமே மேக் பெயராக எடுக்கும். யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தும் துணைக் குறியும் ஒவ்வொன்றும் 3 பைட். முதல் பைட் பெயராகப் போய் வெறுமையாக விரியும், மீதி 2 பைட் குப்பையாக வெளியே வரும். நீங்கள் எழுதும் கருவியில் இந்தக் குறுக்கு வழியே வேண்டாம். அடைப்புக்குறியைக் கட்டாயமாக்குங்கள்.

எப்போது விரிப்பது

ஊர் = ராயபுரம்
தலைப்பு = $(ஊர்) விலைப்பட்டியல்
ஊர் = காசிமேடு

ஜிஎன்யூ மேக்கில் இப்போது தலைப்பைக் கேட்டால் "காசிமேடு விலைப்பட்டியல்" என்று வரும். இரண்டாம் வரியில் = என்பதை := ஆக்கினால் "ராயபுரம் விலைப்பட்டியல்". முதலாவது தாமத விரிவு: மாறியில் உரை அப்படியே கிடக்கும், கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக விரியும். இரண்டாவது உடனடி விரிவு: எழுதிய வரியிலேயே விரிந்து, விடை மட்டும் சேமிக்கப்படும்.

தாமத விரிவுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. வரிசை முக்கியமில்லை; பொதுக் கோப்பில் தலைப்பை எழுதிவிட்டு ஊரைப் பிறகு நிரப்பலாம். ஒரே தலைப்பு ஒவ்வொரு இலக்குக்கும் (உருவாக்க வேண்டிய கோப்புக்கும்) வேறு வேறாக விரியும். எட்டுப் பகுதி, ஒரு வரி. பழைய மேக்கில் அது ஒன்றே வழியாக இருந்தது.

விலை மூன்று இடத்தில் வசூலாகிறது. முதலாவது, வேகம். தேதியை ஷெல்லிலிருந்து எடுக்கும் மாறியைத் தாமதமாக வைத்தால், அதைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு புது ஷெல் பிறக்கும். 40 இடத்தில் இருந்தால் 40 ஷெல். நள்ளிரவில் ஓடும் பில்டில் பாதிப் பட்டியலில் இன்றைய தேதியும் பாதியில் நாளைய தேதியும் அச்சாகும். இரண்டாவது, பெருக்கம். ஒரு மாறி இன்னொன்றை இரண்டு முறை குறிப்பிட, அது அடுத்ததை இரண்டு முறை குறிப்பிட என்று 20 அடுக்கு போனால் 10,48,576 விரிவுகள்; 30 அடுக்கில் 107 கோடிக்கு மேல். யாரும் வேண்டுமென்று இப்படி எழுதுவதில்லை. ஆனால் கோப்பு கோப்பை இழுக்கும் பெரிய திட்டங்களில் நான்கைந்து அடுக்கு சாதாரணமாக வரும். அடியில் ஒரு ஷெல் அழைப்பு இருந்தால் மேக் எதையும் செய்யாமல் சில நொடிகள் நிற்பதற்கு அதுவே காரணம். மூன்றாவது, பிழையின் இடம். எழுதிய வரியில் தவறு, வெடிப்பதோ 300 வரி தள்ளி.

தன்னைத் தானே குறிப்பதும் தாமத விரிவில் முடியாது:

ஊர்கள் = $(ஊர்கள்) எண்ணூர்

இது முடிவில்லாச் சுழல். ஜிஎன்யூ மேக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். := போட்டால் இது சாதாரணமாக வேலை செய்யும். இதற்காகவே += வந்தது, ஆனால் அதிலும் ஒரு பொறி: மாறி முன்பே இல்லாவிட்டால் += தாமத வகையாகப் பிறப்பிக்கும். ?= எப்போதும் தாமதம்தான். ஒரே கோப்பில் நான்கு குறிகள், இரண்டு காலங்கள். லினக்ஸ் மென்பொருள் தொகுப்புகளைச் செய்யும் ஆர்பிஎம் கருவியின் ஸ்பெக் கோப்புகளிலும் இதே இரட்டை உண்டு: "டிஃபைன்" தாமதம், "குளோபல்" உடனடி. அனுபவமுள்ளவர்கள் காரணம் இல்லாவிட்டால் குளோபலையே எழுதுகிறார்கள்.

எங்கள் பரிந்துரை: எல்லா மாறியும் உடனடி விரிவு. தாமதம் ஒரே இடத்தில் மட்டும், விதியின் (ஓர் இலக்கை எதிலிருந்து, எப்படி உருவாக்குவது என்று சொல்லும் பகுதியின்) கட்டளை வரியில். இலக்கின் பெயரும் மூலக் கோப்பும் அங்கேதான் தெரியவரும், அதனால் அதைத் தவிர்க்க முடியாது. நிஞ்ஜா என்ற பில்ட் கருவி ஏறத்தாழ இப்படித்தான் செய்கிறது: மேல்மட்ட மாறிகள் உடனே விரியும், விதிக்குள் இருப்பவை இலக்கு தெரிந்த பிறகு விரியும். இழப்பும் உண்டு: பொதுக் கோப்பு எழுதுபவர் வரிசையைக் கவனிக்க வேண்டும், "பிறகு நிரப்பிக்கொள்" என்று விட முடியாது. அதற்கு மாற்றாக ஓர் "இயல்பு மதிப்பு" குறி போதும். அதுவும் உடனடியாகவே விரியட்டும்.

நடுவழி ஒன்றைச் சிலர் விரும்புவார்கள்: முதல் முறை கேட்கும்போது விரித்து, விடையை நினைவில் வைத்துக்கொள்வது. ஷெல் அழைப்புகளுக்கு இது அருமை. ஆனால் இலக்குப் பெயர் போன்ற தானியங்கி மாறியை அந்த உரை தொட்டால், முதல் இலக்கின் விடை எல்லா இலக்குக்கும் ஒட்டிக்கொள்ளும். எட்டு பிடிஎஃப்பிலும் ராயபுரம். தொடுகிறதா என்று வரையறுக்கும்போதே சோதிக்கலாம், மாறிப் பெயரையே கணக்கிட்டு உருவாக்கும் $($(எது)) வகை எழுத்தை மொழியில் அனுமதிக்காதவரை. கணக்கிட்ட பெயர்களை விட்டுவிட நாங்கள் சொல்வதற்கு இதுவே பாதிக் காரணம். அதற்குப் பதில் அட்டவணை வகை கொடுங்கள்: பின்கோடு என்ற அட்டவணையில் ராயபுரம் என்ற சாவிக்கு 600013, திருவொற்றியூருக்கு 600019, எண்ணூருக்கு 600057.

சரமா, பட்டியலா

இங்கேதான் பணமும் நேரமும் அதிகம் கரைகிறது. மேக்கில் பட்டியல் என்று ஒன்று இல்லை. இருப்பது சரம் (எழுத்துத் தொடர்) மட்டும். வெற்றிடத்தில் வெட்டினால் பட்டியல்.

ஊர்கள் := பழைய வண்ணாரப்பேட்டை புது வண்ணாரப்பேட்டை கொருக்குப்பேட்டை

மனிதருக்கு மூன்று ஊர், மேக்குக்கு ஐந்து சொல். இதை வரிசைப்படுத்தும் செயல்கூறுக்குக் (ஃபங்ஷனுக்கு) கொடுத்தால் அது இரட்டிப்பையும் நீக்கும். வண்ணாரப்பேட்டை ஒன்றாகி நான்கு சொல் மிஞ்சும். பழைய, புது என்று இரண்டு ஊர் தனியாகத் திரியும். இலக்கு எழுதும் இடத்தில் பின்சாய்கோடு போட்டு வெற்றிடத்தைக் காப்பாற்றலாம், ஆனால் சொல் எண்ணும், வடிகட்டும், பின்னொட்டு மாற்றும் செயல்கூறுகள் அந்தப் பின்சாய்கோட்டை மதிப்பதில்லை. அதனால்தான் "கோப்புப் பெயரில் வெற்றிடம் வேண்டாம், அடிக்கோடு போடு" என்பது எழுதாத சட்டமாயிற்று. நம் அலுவலகத்தில் அது எடுபடாது. கோப்பின் பெயர் வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்குப் போகிறது.

வெற்றிடத்தின் இன்னொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாது. மதிப்பின் முன்னால் உள்ள வெற்றிடத்தை மேக் நீக்கும், பின்னால் உள்ளதை நீக்காது. பின்கோடு := 600013 என்று எழுதி நான்கு இடம் விட்டு ஹேஷ் குறிப்பு எழுதினால், அந்த நான்கு இடமும் மதிப்பின் பகுதி. செயல்கூறை அழைக்கும்போது காற்புள்ளிக்குப் பின் அழகுக்காக விடும் ஓர் இடமும் மதிப்போடு ஒட்டிக்கொண்டு போகும். உங்கள் கருவியில் இரு முனையையும் வெட்டுங்கள். வெற்றிடம் உண்மையிலேயே வேண்டுமென்றால் மேற்கோளுக்குள் எழுதட்டும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து ஒட்டும் உரையில் உடையா வெற்றிடம் என்ற வேறு எழுத்தும் வரும். பார்வைக்கு வெற்றிடம், பைட்டில் வேறு. அதைச் சத்தமில்லாமல் வெட்டாமல், வரி எண்ணோடு எச்சரியுங்கள்.

மற்றவர்கள் முயன்ற வழிகள் மூன்று. சிமேக் என்ற பில்ட் கருவி அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்தது: வெற்றிடம் பிழைத்தது, ஆனால் உள்ளே இருப்பது இன்னும் சரம்தான், மதிப்புக்குள் அரைப்புள்ளி வந்தால் அதே கதை. பிளான் 9 இயங்குதளத்தின் எம்கே, ஜாம் என்ற பில்ட் கருவிகள் இரண்டும் உண்மையான பட்டியலை எடுத்துக்கொண்டன. ஜாமில் இரண்டு மாறிகளை ஒட்டி எழுதினால் பெருக்கல் நடக்கும்: இரண்டு ஊர், மூன்று அளவு என்றால் ஆறு பெயர். பில்ட் எழுதுபவருக்கு இது தேன். ஆனால் பெருக்கலில் ஒரு பக்கம் வெற்றுப் பட்டியலாக இருந்தால் விடையும் வெறுமை. ஒரு மாறியை எழுத்துப் பிழையோடு எழுதினால் அதைச் சுற்றியிருந்த முழுச் சொல்லும் கட்டளையிலிருந்து மாயமாகிவிடும். பிழைச் செய்தியும் வராது.

உண்மையான பட்டியல் வேண்டும், தானாகப் பெருக்குவது வேண்டாம் என்பதே எங்கள் நிலை. கோப்பில் எழுதும் வடிவம், ஒரு வரிக்கு ஓர் உருப்படி:

ஊர்கள்:
    பழைய வண்ணாரப்பேட்டை
    புது வண்ணாரப்பேட்டை
    கொருக்குப்பேட்டை

வெற்றிடம், காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் உருப்படிக்குள் இருக்கலாம். வரி மாற்றம் மட்டும் கூடாது. கட்டளையில் பட்டியல் ஒரு முழு வாதமாக (கட்டளைக்குக் கொடுக்கும் தனி உள்ளீடாக) நின்றால் உருப்படிக்கு ஒரு வாதமாகப் பிரியட்டும். சரத்தின் நடுவில் பட்டியல் வந்தால் பிழை என்று நில்லுங்கள். பெருக்கல் தேவைப்படுபவர் சுற்று எழுதட்டும். மூன்று வரி கூடுதல்தான், ஆனால் படிப்பவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியும். வெற்றுப் பட்டியல் கட்டளையில் பூஜ்ய வாதமாக விரியும், வெற்றுச் சரம் ஒரு வெற்று வாதமாக நிற்கும். இந்த இரண்டின் வேறுபாட்டை முதல் நாளே ஆவணத்தில் எழுதிவிடுங்கள்.

விரிந்ததை மறுபடி படிப்பதா

மேக்ரோ மொழிகளின் உண்மையான பிரிவு இதில் இருக்கிறது. 1977இல் கெர்னிகனும் ரிச்சியும் செய்த எம்4 என்ற மேக்ரோ கருவி, விரிந்து வந்த உரையை மறுபடி உள்ளீட்டில் போட்டுப் படிக்கும். அதில் இன்னொரு மேக்ரோ இருந்தால் அதுவும் விரியும். இந்த ஒரு குணத்தால் மிகச் சிறிய கருவி முழு நிரல் மொழியாகிவிடுகிறது. விலை, மேற்கோள். எதை எத்தனை முறை படிக்கப்போகிறது என்று எண்ணி அத்தனை அடுக்கு மேற்கோள் போட வேண்டும். எம்4இன் மேல் கட்டப்பட்ட ஆட்டோகான்ஃப் கருவி அதன் மேற்கோள் குறிகளைச் சதுர அடைப்புகளாக மாற்றிக்கொண்டு, "ஒவ்வொரு அடைப்புக்குறி இணைக்கும் ஒரு மேற்கோள் இணை" என்ற கட்டைவிரல் விதியையும் கொடுத்தது. அதன் கோப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அடைப்பு மழை நினைவிருக்கும். சி மொழியின் முன்செயலியும் (நிரலை மொழிபெயர்க்கும் முன் அதிலுள்ள மேக்ரோக்களை விரிக்கும் கட்டம்) மறுபடி படிக்கிறது, ஆனால் ஒரு மேக்ரோவின் விரிவுக்குள் அதே பெயர் வந்தால் விரிக்காமல் விட்டுவிடும். சுழல் இல்லை, முழு நிரல் சக்தியும் இல்லை. முன்செயலியையே பில்டுக்குப் பயன்படுத்திய ஐமேக்கில், விரிவுக்குள் வரி மாற்றம் கிடைப்பதற்கே தனி அடையாளம் எழுத வேண்டியிருந்தது.

மேக் சாதாரணமாக மறுபடி படிப்பதில்லை. மதிப்புக்குள் இருக்கும் காற்புள்ளி வாதங்களைப் பிரிக்காது, ஏனென்றால் முதலில் வாதங்கள் பிரிகின்றன, பிறகுதான் விரிகின்றன. "பழைய எண் 12, புது எண் 27" என்ற முகவரி மாறிக்குள் இருந்தால் பாதுகாப்பு. நேரே செயல்கூறுக்குள் எழுதினால் இரண்டாக உடையும். நல்ல வடிவமைப்புதான். அதைக் குலைப்பது "இவால்": விரிந்த உரையை மேக்ஃபைலாகவே (மேக்கின் விதிகள் எழுதிய கோப்பாகவே) மறுபடி படிக்கும் செயல்கூறு. ஷெல்லுக்கு ஒரு டாலர் போக வேண்டுமென்றால் கட்டளையில் $$; அந்தக் கட்டளை இவால் வழியாகப் போகும் வார்ப்பில் (டெம்ப்ளேட்டில்) இருந்தால் $$$$; அந்த வார்ப்பையும் இன்னொரு இவால் உருவாக்கினால் எட்டு. ஒவ்வொரு அடுக்குக்கும் இரட்டிப்பு. ஒன்று குறைந்தாலும் பிழை வருவதில்லை, வெறுமையாக விரிந்துவிடும்.

உங்கள் மொழியில் மறுபடி படிக்க வேண்டாம். மதிப்பு ஒருமுறை மதிப்பானால் அது வெறும் எழுத்து, அதற்குள் என்ன குறி இருந்தாலும் சரி. இவால் எதற்குத் தேவைப்படுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் "ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விதி" என்பதற்குத்தான். அதை நேரடியாகக் கொடுங்கள்:

ஒவ்வொரு ஊர் @(ஊர்கள்)
    இலக்கு: வெளியீடு/@(ஊர்).பிடிஎஃப்
    மூலம்: விலை.தரவு
    கட்டளை: அச்சு --தலைப்பு "@(ஊர்) விலைப்பட்டியல்" @(மூலம்) @(இலக்கு)

டாலருக்குப் பதில் @( என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். தொடக்கக் குறியைத் தேர்வது சிறிய விஷயம் போலத் தெரியும். டாலர் ஷெல்லோடு மோதும். சதவீதக் குறி நம் வேலைக்கே மோதும்: "5%(ஜிஎஸ்டி உட்பட)" என்று ஒவ்வொரு விலைப்பட்டியலிலும் எழுதுவார்கள். ஹேஷ் குறிப்பு வரியோடு மோதும். எம்4 போலத் தொடக்கக் குறியே இல்லாமல் வெறும் பெயரை விரித்தால், உரையில் தற்செயலாக வந்த சொல்லும் விரியும். இரண்டு எழுத்துச் சேர்க்கை நல்லது: @( மட்டும் சிறப்பு, தனி @ வெறும் எழுத்து, மின்னஞ்சல் முகவரி தப்பிக்கும். உண்மையாகவே @( அச்சாக வேண்டுமென்றால் @@( என்று எழுதலாம். வேறு எந்த விலக்கு விதியும் தேவையில்லை.

குறிப்பு வரிகளை விரிப்பதற்கு முன்பே தூக்கிவிடுங்கள். ஆர்பிஎம்மில் ஹேஷ் போட்ட வரியிலும் மேக்ரோ விரியும். பல வரியாக விரியும் மேக்ரோ என்றால் முதல் வரி மட்டுமே குறிப்பாக இருக்கும், மீதி உயிரோடு ஓடும்.

இல்லாத பெயர்

மேக்கில் வரையறுக்காத மாறி வெறுமையாக விரியும். அழிக்கும் கட்டளையில் $(வெளியீடு)/ என்று எழுதி, வெளியீடு நிரப்பப்படாமல் போனால் மிச்சம் இருப்பது ரூட் அடைவின் சாய்கோடு மட்டும். எச்சரிக்கச் சொல்லும் விருப்பம் ஜிஎன்யூ மேக்கில் உண்டு, இயல்பாக அணைந்தே இருக்கிறது. உங்கள் கருவியில் இல்லாத பெயர் என்றால் பிழை, பில்ட் நிற்க வேண்டும். "இல்லாவிட்டால் பரவாயில்லை" என்பவர் @(தள்ளுபடி?) என்று கேள்விக்குறி போடட்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இது இன்னும் அவசரம். கொருக்குப்பேட்டையின் "கொ" யூனிகோடில் இரண்டு விதமாக வரும்: க-வோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது க-வோடு எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக. திரையில் ஒன்றே. பைட்டில் முதலாவது 6, இரண்டாவது 9. ஊர்ப்பெயர் முழுக்க 48, 51. ஒருவர் விசைப்பலகையில் அடித்த மாறியும், இன்னொருவர் பழைய பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த மாறியும் பைட் ஒப்பீட்டில் வேறு வேறு. மேக் போன்ற கருவியில் ஒன்று வெறுமையாக விரியும், நீங்கள் அரை நாள் திரையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கொடுங்கையூர், தண்டையார்பேட்டை இரண்டையும் சோதித்தால் தண்டையார்பேட்டையில் பிழை வராது, ஏனென்றால் அதில் பிரியக்கூடிய குறி இல்லை. பிழை ஊரைப் பொறுத்து வருவதால் குழப்பம் கூடுகிறது.

செய்ய வேண்டியது: கோப்பைப் படிக்கும்போது மாறிப் பெயர்களையும் அட்டவணைச் சாவிகளையும் யூனிகோடின் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். மதிப்புகளை மாற்றாதீர்கள், கோப்புப் பெயர்களை நிச்சயம் தொடாதீர்கள். லினக்ஸில் கோப்புப் பெயர் என்பது பைட் தொடர். நீங்கள் திருத்திய பெயரில் அங்கே கோப்பு இருக்காது. இரண்டு இலக்குகள் இந்த வடிவ வேறுபாட்டால் மட்டும் வேறுபட்டால் பிழை சொல்லுங்கள். வரிசைப்படுத்துவது பைட் வரிசையிலேயே இருக்கட்டும். அது தமிழ் அகர வரிசை அல்ல, ன யூனிகோடில் ப-வுக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் எல்லா இயந்திரத்திலும் ஒரே விடை தரும். அச்சில் வரும் வரிசையை அச்சு நிரல் பார்த்துக்கொள்ளும்.

ஷெல்லின் வாசல்

விரிவின் விடையை ஒரே சரமாக ஷெல்லிடம் கொடுத்தால், பட்டியலுக்காகப் பட்ட பாடெல்லாம் வீண். ஷெல் வெற்றிடத்தில் மறுபடி வெட்டும். கட்டளையை வாதங்களின் பட்டியலாகவே வைத்து, ஷெல் இல்லாமல் நேரே இயக்குங்கள். குழாய் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுப்பது), திசைதிருப்பல் (வெளியீட்டைக் கோப்புக்கு அனுப்புவது) வேண்டும் என்பவர்களுக்கு "ஷெல்:" என்று தனி வகை கொடுத்து, அதற்குள் விரியும் ஒவ்வொரு மதிப்பையும் ஒற்றை மேற்கோளில் பொதிந்து அனுப்புங்கள்.

நீள வரம்பு ஒன்று இருக்கிறது, பலருக்கும் தாமதமாகத்தான் தெரியவரும். 4 கேபி பக்க அளவுள்ள லினக்ஸில் ஒரு தனி வாதம் 1,31,072 பைட்டைத் தாண்டக் கூடாது. ஷெல்லுக்குப் போகும் முழுக் கட்டளையும் ஒரே வாதம் என்பதால் இந்த வரம்பு அங்கேதான் இடிக்கும். தமிழ்ப் பெயர்கள் எழுத்துக்கும் துணைக் குறிக்கும் தலா 3 பைட் தின்னும். ஒரு பாதைக்கு 100 பைட் என்றால் சுமார் 1,300 கோப்பில் வரம்பு முடிந்துவிடும். ஜிஎன்யூ மேக்கில் இன்னொரு புதிர்: கட்டளையில் ஷெல்லுக்கான சிறப்புக் குறி எதுவும் இல்லாவிட்டால் அது ஷெல்லைத் தாண்டி நேரே இயக்கும், அப்போது இந்த வரம்பு இடிக்காது. யாரோ ஓர் அரைப்புள்ளி சேர்த்த அன்று அதே கட்டளை "வாதப் பட்டியல் மிக நீளம்" என்று விழும். தீர்வு, நீளமான பட்டியலைக் கோப்பில் எழுதி அந்தக் கோப்பின் பெயரை மட்டும் கட்டளைக்குக் கொடுப்பது. நிஞ்ஜாவில் இதற்குத் தனி மாறியே உண்டு. உருப்படிக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். நம் பட்டியல் வடிவமும் அதுதான்.

உள்ளே கட்டுவது

தேடி மாற்றும் நிரலாகத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு மதிப்பையும் ஒருமுறை படித்துத் துண்டுகளாக வையுங்கள்: வெறும் உரைத் துண்டு, குறிப்பிடும் துண்டு. ஒவ்வொரு துண்டோடும் கோப்பு, வரி எண், வரிக்குள் எத்தனையாவது இடம். விரிக்கும் செயல்கூறு ஒன்றல்ல, இரண்டு: "சரமாக விரி", "பட்டியலாக விரி". அழைப்பவர் எது வேண்டுமென்று தெரிந்து அழைக்கட்டும். இந்த இரண்டையும் ஒன்றாக எழுதினால் மறுபடி மேக்கின் வெற்றிடக் குழிக்குத்தான் வந்து சேர்வீர்கள். ஒரு மாறி விரிந்துகொண்டிருக்கும்போது அதில் கொடி ஏற்றுங்கள்; கொடி ஏறிய மாறியை மறுபடி தொட்டால் சுழல், அதுவரை வந்த சங்கிலியை வரி எண்களோடு அச்சிட்டு நில்லுங்கள். பிழைச் செய்தியில் பயன்பட்ட வரியும் வரையறுத்த வரியும் இரண்டும் இருக்க வேண்டும். "இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது" என்று கேட்கும் கட்டளையை முதல் பதிப்பிலேயே சேருங்கள். பயனர்களின் கேள்வியில் பெரும்பகுதி அதுதான்.

சோதனை உள்ளீடுகளாக இவற்றை வைத்துக்கொள்ளலாம்: "பழைய வண்ணாரப்பேட்டை" (வெற்றிடம்), "எம்.சி. ரோடு" (பின்னொட்டு போலத் தோன்றும் புள்ளிகள்), "கதவு எண் #12" (ஹேஷ்), "பழைய எண் 12, புது எண் 27", "12/3" (பாதையாகிவிடும் சாய்கோடு), "10% தள்ளுபடி", இரண்டு வடிவ "கொருக்குப்பேட்டை", வெற்றுச் சரம், வெற்றுப் பட்டியல், "@(" கொண்ட மதிப்பு, ஒற்றை மேற்கோள் கொண்ட கடைப்பெயர். ஒவ்வொன்றும் மாறி, பட்டியல், இலக்குப் பெயர், ஷெல் கட்டளை ஆகிய நான்கு இடத்திலும் போய் அதே பைட்டுகளாக வெளிவர வேண்டும். "12/3" இலக்குப் பெயரில் மட்டும் விதிவிலக்கு: அங்கே பிழை சொல்வதே சரி, இல்லாவிட்டால் 12 என்ற அடைவு பிறக்கும்.

கடைசியாக, விரிந்த கட்டளையையும் சார்புகளில் (மாறினால் இலக்கை மறுபடி உருவாக்க வேண்டியவற்றில்) ஒன்றாக எண்ணுங்கள். மேக் கோப்புகளின் நேரத்தை மட்டும் பார்க்கும். தள்ளுபடி 10இலிருந்து 15 ஆனால் எந்த மூலக் கோப்பும் மாறாததால் பழைய பிடிஎஃப் அப்படியே கிடக்கும். நிஞ்ஜா விரிந்த கட்டளையின் ஹேஷை (இங்கே # குறி அல்ல, உரையிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பதிவில் வைத்து, அது மாறினால் மறுபடி ஓட்டுகிறது. நீங்களும் அப்படியே செய்யலாம். வாதங்களை வெற்றிடத்தால் ஒட்டி ஹேஷ் எடுக்காமல், ஒவ்வொன்றின் நீளத்தையும் முன்னால் சேர்த்து எடுங்கள், இல்லாவிட்டால் "அ ஆ" என்ற ஒரு வாதமும் "அ", "ஆ" என்ற இரண்டும் ஒன்றாகத் தெரியும். பட்டியலைக் கோப்பில் எழுதி அனுப்பினால் அதன் உள்ளடக்கமும் ஹேஷில் சேர வேண்டும். தேதி கட்டளையில் இருந்தால் தினமும் எட்டு பிடிஎஃப்பும் மறுபடி பிறக்கும். தேதியைத் தரவுக் கோப்பின் கடைசித் திருத்த நாளிலிருந்து எடுங்கள், அல்லது "ஹேஷில் சேராதது" என்று அந்த ஒரு மாறிக்குக் குறி போடுங்கள்.